மோதாமலே தள்ளும் துகள்கள்

துகள் முடுக்கிகள் பற்றிய செய்திகளில் இரண்டு கற்றைகள் நேருக்கு நேர் மோதுகின்றன என்ற வரி எப்படியும் இருக்கும். அது சரியானதுதான். ஆனால் மோதலில் அகப்படாமல் தப்பிப் போகும் துகள்களுக்கு என்ன நடக்கிறது என்பதை அது சொல்வதில்லை. முடுக்கியை இயக்குபவர்களுக்குப் பெரிய தலையிடி அந்தத் துகள்கள்தான் என்பதால், அவற்றைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

ஜெனீவாவுக்கு அருகே, பிரான்ஸ் - சுவிட்சர்லாந்து எல்லையில், நிலத்துக்கு அடியில் 27 கிலோமீற்றர் சுற்றளவில் அமைந்துள்ளது செர்ன் ஆய்வுகூடத்தின் பெரும் ஹாட்ரன் மோதுவி. அதில் புரோத்தன்கள் கொத்துக் கொத்தாக ஓடுகின்றன. ஒரு கொத்தில் 10,000 கோடிக்கும் மேற்பட்ட புரோத்தன்கள் இருக்கும். மோதும் இடத்தில் அந்தக் கொத்து தலைமயிரை விட மெல்லியதாக நெருக்கப்படுகிறது. அப்படியிருந்தும், இரண்டு கொத்துகள் ஒருமுறை ஊடுருவும்போது உண்மையில் மோதுவது சில பத்துச் சோடிகள் மட்டுமே. மற்றவை அடுத்த சுற்றுக்குப் போய்விடும். ஒரு செக்கனில் அவை 11,000 தடவைக்கு மேல் சுற்றுகின்றன.

ஒத்த ஏற்றங்கள் ஒன்றையொன்று தள்ளும் என்பது பாடசாலையில் படித்தது. ஒரே கொத்தில் சேர்ந்து ஓடும் புரோத்தன்களை மின்விசை விலக்க, அவற்றின் ஓட்டம் உண்டாக்கும் காந்தவிசை நெருக்குகிறது. ஒளியின் வேகத்தை அண்மிக்கும்போது இரண்டும் ஏறக்குறையச் சமப்பட்டுவிடும். எதிரே வரும் கொத்தைக் கடக்கும்போது நிலைமை வேறு. அங்கே இரு விசைகளும் ஒரே பக்கமாகச் சேர்ந்து தள்ளுகின்றன.

இந்தத் தள்ளல் எல்லாத் துகள்களுக்கும் ஒரே மாதிரி இல்லை. நட்டநடுவில் போகும் துகளுக்கு அது பூச்சியம். விலக விலகக் கூடி, ஓர் எல்லைக்குப் பிறகு குறையும். அதனால் காந்தங்களை மட்டும் மாற்றி இதை முழுமையாகச் சரிசெய்ய முடியாது.

துகள்கள் வளையத்தில் பக்கவாட்டில் அலைந்தபடியே ஓடுகின்றன. ஒரு சுற்றுக்கு எத்தனை அலைவுகள் என்ற எண் மிகக் கவனமாகத் தெரிவு செய்யப்படுகிறது. எதிர்க் கற்றையின் தள்ளல் அந்த எண்ணைத் துகளுக்குத் துகள் மாற்றிவிடும். அது ஒரு முழு எண்ணையோ எளிய பின்னத்தையோ எட்டினால், உரிய நேரத்தில் தள்ளப்படும் ஊஞ்சல்போல அலைவு பெருகும். கற்றை தடிக்கும், துகள்கள் கழன்று போகும்.

சிக்கல் இங்கேதான். 2012இல் அறிவிக்கப்பட்ட ஹிக்ஸ் துகள் போன்ற அரிய நிகழ்வுகளைக் காண ஏராளமான மோதல்கள் தேவை. அதற்குக் கொத்துகளை அடர்த்தியாக்க வேண்டும். அடர்த்தி கூடினால் தள்ளலும் கூடும். கண்டுபிடிப்புக்கு உதவும் அதே அடர்த்திதான் கற்றையையும் கெடுக்கிறது.

மோதும் இடத்துக்கு இருபுறமும் இரு கற்றைகளும் ஒரே குழாயில் செல்கின்றன. வேறு இடங்களில் முட்டாதிருக்க, அவற்றைச் சிறு கோணத்தில் குறுக்கிட வைக்கிறார்கள். அப்போதும் அருகால் கடக்கும் கொத்துகள் எட்ட நின்றே தள்ளுகின்றன. கோணத்தைக் கூட்டினால் தள்ளல் குறையும். ஆனால் மோதல்களும் குறைந்துவிடும்.

இதற்கு மாற்று மருந்துகள் உண்டு. அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுகூடம் 2015இல் தனது முடுக்கியில் இலத்திரன் வில்லையைப் பயன்படுத்தியது. புரோத்தன்களின் பாதையில் மறையேற்றமுள்ள இலத்திரன் கற்றையை வைத்து, நேர்ந்த தள்ளலில் ஒரு பகுதியை இழுவையால் ஈடுசெய்யும் முறை இது. செர்னில், மின்னோட்டம் பாயும் கம்பிகளைக் கற்றைக்கு அருகே வைத்து, தொலைவிலிருந்து வரும் தள்ளலைக் குறைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

இலத்திரனும் பொசித்திரனும் சந்திக்கும் முடுக்கிகளில் தள்ளலுக்குப் பதிலாக இழுவை. கொத்துகள் ஒன்றையொன்று இறுக்குவதால் மோதல்கள் கூடவும் செய்யும். ஆனால் வளைய முடுக்கிகளில் அந்த இழுவையும் கற்றையைக் குழப்பக்கூடியதே.

ஒரு முடுக்கியின் திறனை அதன் சக்தியை மட்டும் வைத்து அளக்க முடியாது. மோதாமல் தப்பிய துகள்களை அடுத்த சுற்றுக்கு எவ்வளவு ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.