ஏடும் நாவும் அச்சும்: 19ஆம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தின் தொடர்பு சாதனங்கள் பற்றிய ஒரு நோக்கு

புதியதொரு தொடர்பு சாதனம் சமூகத்துட் புகும்போது பழையவை பின்வாங்கி மறைந்துவிடுகின்றன என்னும் கருத்துப் பெருவழக்காகிவிட்டது. ஏட்டை அச்சு வென்றது, அச்சை வானொலி வென்றது என, வெற்றிகளின் வரிசையாகவே இவ்வரலாறு சொல்லப்படுகின்றது. 19ஆம் நூற்றாண்டின் யாழ்ப்பாணத்தை நுணுகி நோக்குவோர்க்கு இக்கருத்து நிறைவளிக்காது. அங்கு அச்சு வென்றது உண்மையே. ஆயின் நாவின் துணைகொண்டே அது வென்றது. ஏடு தோற்றதும் உண்மையே. ஆயின் ஏட்டோடு சேர்ந்து தோற்றவை எவை என்பது இன்றுவரை போதிய கவனம் பெறாத வினாவாகும்.

அச்சுக்கு முந்திய யாழ்ப்பாணத்தில் அறிவு இரு வழிகளிற் பயின்றது. ஒன்று ஏடு, மற்றையது குரல். இவ்விரண்டும் தனித்தனியே இயங்கவில்லை என்பது கருதத்தக்கது. பனையோலையில் எழுத்தாணி கொண்டு எழுதுவோர் ஓலை கிழியுமென அஞ்சிப் புள்ளியிடாது விடுவதுண்டு. எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் எழுத்திற் புலப்படா. சொற்களுக்கிடையே இடைவெளி இல்லை. நிறுத்தக் குறியும் இல்லை. எனவே ஏட்டைக் கையிற் பெற்றவன் நூலைப் பெற்றவனாகான். பாடங்கேட்ட ஒருவர் வாசித்துக் காட்டும்போதே அது நூலாகும். கோயில்களில் நிகழ்ந்த புராணபடனம் இதற்குச் சிறந்த உதாரணம். ஒருவர் கந்தபுராணச் செய்யுளை இசையோடு வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்ல, எழுத்தறியாதோரும் அதனைச் செவிவழிக் கற்றனர். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை ‘கந்தபுராண கலாசாரம்’ என வழங்கியது இவ்வாறு கேள்வியால் உருவாகிய ஒன்றையேயாகும். அக்கேள்வியும் எல்லார்க்கும் உரியதாயிருக்கவில்லை. கோயில் வாயிலுக்குள் அநுமதிக்கப்படாத சாதியினர்க்குப் புராணபடனமும் எட்டாததாகவே இருந்தது.

அச்சியந்திரம் இச்சமூகத்துக்கு எளிதில் வந்து சேரவில்லை. ஒல்லாந்தர் 18ஆம் நூற்றாண்டிலேயே கொழும்பில் அச்சகம் நிறுவியிருந்தனராயினும் அதனால் யாழ்ப்பாணத்து அறிவு மரபில் நேர்ந்த மாற்றம் சிறிதே. 1816இல் வந்த அமெரிக்க மிஷனரிமார் அச்சின் வலிமையை நன்குணர்ந்திருந்தனர். 1820இல் ஜேம்ஸ் கரெற் என்னும் அச்சுத் தொழிலாளர் அவர்களுக்காக வந்தார். அப்போது ஆட்சிப் பொறுப்பிலிருந்த எட்வேட் பான்ஸ் அவரை நாட்டில் தங்க அநுமதியாமையால் அவர் இந்தியாவுக்குச் செல்ல நேர்ந்தது. புதிய சாதனம் எவர் கையிலிருத்தல் வேண்டும் என்பதில் ஆட்சியாளர் கொண்டிருந்த கவலை இந்நிகழ்ச்சியில் வெளிப்படுகின்றது. 1833இல் மைனர் என்பவர் வந்த பின்னரே, 1834இல், மானிப்பாயில் அமெரிக்க மிஷன் அச்சகம் தொழிற்படலாயிற்று. 1841 ஜனவரி 7ஆந் திகதி தமிழிலும் ஆங்கிலத்திலும் ‘உதயதாரகை’ வெளிவந்தது. அதன் ஆசிரியர்களான ஹென்றி மார்ட்டின், சேத் பேய்சன் என்போர் வட்டுக்கோட்டைச் செமினரியிற் பயின்ற தமிழராவர். சமய நோக்கோடு தோன்றிய அப்பத்திரிகை, எதிர்த்தரப்பாரான சைவர்களின் கடிதங்களுக்கும் இடமளித்தது. முன்னர் திண்ணைகளில் நிகழ்ந்து அங்கேயே முடிந்துபோன வாதங்கள் இப்போது ஊர் கடந்து தொடர்ந்தன.

மிஷனரிமாரை அவர்களது ஆயுதத்தாலேயே ஆறுமுக நாவலர் (1822–1879) எதிர்கொண்டார் என்று கூறுவது மரபாகிவிட்டது. அது பாதி உண்மையே. காலவரிசையை நோக்குக. அவர் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் முதற் பிரசங்கஞ் செய்தது 1847 டிசம்பர் 31ஆந் திகதி, ஒரு வெள்ளிக்கிழமை. 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். 1849இலேயே சென்னை சென்று அச்சியந்திரம் கொணர்ந்து வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவினார். முதலிற் பிரசங்கம், பின்னர் பள்ளிக்கூடம், அதன் பின்னரே அச்சு. வெள்ளிக்கிழமைதோறும் நிகழ்ந்த பிரசங்கம் கேட்போரைத் திரட்டியது. அவ்வாறு திரண்ட கேட்போரே பின்னர் வாசகராயினர். பிரசங்கம் என்னும் வடிவத்தைப் பாதிரிமாரிடமிருந்து பெற்றுக் கோயிலில் வைத்தார் எனின், கோயிலிற் கேட்கப்பட்டதை வசனமாக்கி அச்சில் வைத்தார் எனலும் பொருந்தும். 1852இல் வெளிவந்த பெரியபுராண வசனம் இவ்வகையிலேயே பொருளுடையதாகின்றது. வீட்டில் ஒருவர் வாசிக்க ஏனையோர் கேட்டற்கேற்ற நடை அது. மேனாட்டு வரலாற்றாசிரியர் கூறும், அச்சு உருவாக்கிய தனித்த மௌன வாசகனை இங்குத் தேடுவது வீண் வேலை.

எனினும் ஒரு மாற்றம் ஆழமாக நிகழ்ந்தது. நாவலர் சந்திகளைப் பிரித்தும் நிறுத்தக் குறிகளை இட்டும் பதிப்பித்தார். மேலோட்டமாக நோக்கின் இஃது அச்சுக்கலையின் நுட்பமாகவே தோன்றும். உண்மையில் அது ஆசிரியரின் இடத்தில் ஒரு பகுதியைப் பக்கத்துக்கு மாற்றியது. ஏட்டில் எங்கு நிறுத்துவது என்பதைச் சொல்ல ஒருவர் அருகிருத்தல் வேண்டும். அச்சுப் பக்கமோ அதனைத் தானே சொல்லிவிடுகின்றது. அச்சிட்ட புத்தகம் தன்னை வாங்குபவனின் சாதியை வினவுவதில்லை. ஆயின் அதனை வாசிக்கக் கற்பிக்கும் பள்ளிக்கூடங்கள் வினவின. நாவலரின் எழுத்துக்களும் சாதி ஒழுங்கை ஏற்றுக்கொண்டவையே. சாதனத்தின் இயல்பும் அதனைக் கையாண்ட சமூகத்தின் இயல்பும் இவ்வாறு முரண்பட்டு நின்றன. அம்முரண்பாடு 20ஆம் நூற்றாண்டிலும் தீரவில்லை.

இனி, அச்சேறாதவை பற்றி நோக்குதல் வேண்டும். ஓலைக்கு ஆயுள் உண்டு. தலைமுறைக்குத் தலைமுறை பெயர்த்தெழுதப்பட்டாலன்றி நூல் நிலைக்காது. (கறையானின் பங்கையுங் குறைத்து மதிப்பிடலாகாது.) அச்சு வந்ததும் பெயர்த்தெழுதுவோரின் தேவை குறைந்தது, தொழில் நலிந்தது. இதன் விளைவு அச்சிடப்பட்ட நூல்களோடு நின்றுவிடவில்லை. அச்சிடப்படாத நூல்களையும் பெயர்த்தெழுத ஆளில்லாது போயிற்று. அச்சு தான் தெரிந்தெடுத்தவற்றுக்கு வாழ்வளித்த அதே வேளையில், தான் தீண்டாதவற்றின் வாழ்வையுங் குறுக்கியது. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) இதனைத் தெளிவாக உணர்ந்தவர். தொட்டால் ஒடியும் ஏடுகளோடு போராடி அவர் வீரசோழியத்தை 1881இலும் கலித்தொகையை 1887இலும் பதிப்பித்தமை, காலத்தோடு நிகழ்த்திய போட்டியே எனலாம்.

ஆயின் அவரது கண் சென்ற இடம் இலக்கணமும் சான்றோர் செய்யுளும். கூத்துப் பிரதிகளை அக்கால அச்சகங்கள் பெரிதும் பொருட்படுத்தவில்லை. அவை அண்ணாவிமாரின் கையெழுத்துப் பிரதிகளிலும் நினைவிலுமே தங்கின. பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பின் அலங்காரரூபன் நாடகத்தை 1962இலும் மன்னாரின் எண்டிறீக்கு எம்பரதோர் நாடகத்தை 1964இலும் பதிப்பித்தபோது, கலித்தொகை அச்சேறி எழுபத்தைந்து ஆண்டுகள் கடந்திருந்தன. அவ்விடைக்காலத்தில் எத்தனை அண்ணாவிமார் தம் பிரதிகளோடு மறைந்தனர் என்பதற்குக் கணக்கில்லை.

அச்சும் அழிவுக்கு அப்பாற்பட்டதன்று. 1981 மே 31ஆந் திகதி இரவு தொடங்கிய வன்செயலில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் ஏட்டுச் சுவடிகளும் இருந்தன. வேறிடத்திற் பிரதியில்லாத பழைய அச்சு நூல்களும் பத்திரிகைகளும் இருந்தன. பல பிரதிகளாகப் பரவுவதே அச்சின் காவல் எனப்படும். சிறிய பதிப்புகளாக வெளிவந்து ஓரிடத்திலேயே எஞ்சிய நூல்களுக்கு அக்காவல் கிட்டவில்லை.

2005இல் தொடங்கப்பட்ட நூலகம் என்னும் எண்ணிமத் திட்டம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் ஏடுகளையும் படமெடுத்து இணையத்தில் வைத்துவருகின்றது. இங்கும் பழைய வினாவே எழுகின்றது. எதனை முதலிற் படமெடுப்பது? அச்சு நூலுக்கு அட்டையும் ஆண்டும் உண்டு. பட்டியலில் எளிதில் அமையும். அண்ணாவியார் வீட்டுக் கொப்பிக்கோ, கிராமத்து வைத்தியரின் பரிகார ஏட்டுக்கோ அவை இல்லை. அவற்றை வாசித்துக் காட்டவல்ல முதியோரும் ஆண்டுதோறும் அருகி வருகின்றனர்.