நம்மட எதிரணி யாரு?

வலய மட்ட மெய்வல்லுநர் போட்டியில் நாங்கள் காத்திருப்பது அஞ்சலோட்டத்துக்கு. அது தொடங்கும் நேரம் கல்முனை சந்தாங்கேணி மைதானத்தில் வெயில் இறங்கியிருக்கும். கச்சான் விற்கிறவர் கூட யாவாரத்தை விட்டுட்டு கயிற்றுப் பக்கம் வந்து நிற்பார். நாங்கள் நாலு பேர், நாலு பாடசாலையில் படித்து இப்போது ஒரே பீடத்தில் இருக்கிறவர்கள். மைதானத்துக்குப் போனால் மட்டும் பழையபடி நாலாகப் பிரிந்துவிடுவோம். போன முறை பக்கத்தில் நின்ற ஒரு சின்னப் பொடியன் கேட்டான்: "காக்கா, இதுவரைக்கும் ஆரு கூட வெண்டிருக்காங்க?"

நாலு பேரும் நாலு பதில் சொன்னோம். நாலும் அவரவர் பாடசாலையின் பெயர். ஒருத்தரிடமும் கணக்கு இல்லை. பொடியன் எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓட்டத்தைப் பார்க்கத் திரும்பிவிட்டான்.

கத்துகிறது, கொடி பிடிக்கிறது, தோத்த அன்று வீட்டில் சோறு தின்னாமல் படுக்கிறது எல்லாம் எங்களுக்கும் இருக்கிறது. ஆனால் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் ஒரு ரசிகரைக் கேட்டால், பிறப்பதற்கு முந்தின வெற்றி தோல்வியையும் ஒப்புவிப்பார். அந்தக் கணக்கு ஏன் எங்களிடம் இல்லை என்று தேடப் போய்த்தான் இதை எழுதுகிறோம்.

இந்தத் தீவில் மிகப் பழைய கணக்கு கொழும்பில் இருக்கிறது. 1879இல் அப்போது கொழும்பு அக்கடமி என்று இருந்த இன்றைய ரோயல் கல்லூரியும் சென் தோமஸும் கிரிக்கெட் ஆடின. அந்த முதல் ஆட்டத்தில் ஆசிரியர்களும் சேர்ந்து ஆடினார்கள். அடுத்த ஆண்டு, 1880இல், மாணவர்கள் மட்டும் இறங்கினார்கள். பேரை வாவியைப் படகில் கடந்து தோமியர்கள் ஆட்டத்துக்கு வந்தார்கள் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். இந்த வரலாற்றில் எங்களுக்கு மிகப் பிடித்தது 1885. அந்த ஆண்டு ரோயல் 9 ஓட்டங்களுக்குச் சுருண்டது. அணி முழுதுக்கும் சேர்த்து ஒன்பது! பிறகு ஆட்டம் முழுமையாக முடியவில்லை. தோமியர் அதை வெற்றி என்கிறார்கள், ரோயலார் சமநிலை என்கிறார்கள். 140 வருடமாக இந்தச் சண்டை தீரவில்லை. ஆனால் கவனியுங்கள்: சண்டை பிடிப்பதற்கே இரண்டு பேரும் ஒரே புத்தகத்தைத் திறக்க வேண்டியிருக்கிறது. எதிரணி என்றால் இதுதான் என்று எங்களுக்குப் படுகிறது. பகையாளிக்கு நம் கணக்கு தேவைப்படாது. எதிரணிக்குத் தேவை, அது நம்மோடு சேர்ந்து எழுதுகிறது.

யாழ்ப்பாணத்தில் இது 1904இல் தொடங்கியது. 1816இல் வெஸ்லியன் மிஷன் தொடங்கிய மத்திய கல்லூரியும், 1823இல் சேர்ச் மிஷன் தொடங்கிய பரியோவான் கல்லூரியும் ஆடுவதைத்தான் வடக்கின் பெரும் போர் என்கிறோம். போர்க்காலத்தில் சில ஆண்டுகள் ஆட்டம் நடக்கவில்லை. நடக்காத வருடங்களும் அந்தக் கணக்கில் நடக்காத வருடங்களாகவே இருக்கின்றன. நிஜப் போர் நடந்த ஊரில் ஒரு கிரிக்கெட் ஆட்டத்தை 'போர்' என்று அழைப்பது பற்றி எங்களுக்குள் ஒரு வாக்குவாதம் வந்தது. அது வேறொரு கட்டுரை.

மத்திய கல்லூரியின் பழைய மாணவர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். உயரம் பாய்பவர். 1952 ஹெல்சிங்கி, 1956 மெல்பேர்ன் ஒலிம்பிக்குகளில் இலங்கைக்காகப் பாய்ந்தார். 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் பாய்ந்து, ஆசிய விளையாட்டில் இலங்கையின் முதல் தங்கத்தைக் கொண்டு வந்தார். இடையில் அவர் படித்தது கலிபோர்னியாவில், யூ.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தில். அங்கே கல்லூரி விளையாட்டு ஒரு தனி உலகம். 'கொன்பரன்ஸ்' என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது: ஒரு பகுதியிலுள்ள பல்கலைக்கழகங்கள் சேர்ந்து, வருடா வருடம் தங்களுக்குள் மோதிக்கொள்ள ஒப்பந்தம் போட்டுக்கொள்ளும். யூ.சி.எல்.ஏ. அப்போது 1915இல் தொடங்கிய பசுபிக் கரையோரக் கொன்பரன்ஸில் இருந்தது. அதே நகரத்தின் யூ.எஸ்.சி. அதற்குப் பரம்பரை எதிரணி. அந்தக் கொன்பரன்ஸ் பிறகு பெயர் மாறி, ஆள் கூடி, 2024இல் தொலைக்காட்சிக் காசுக்காகச் சிதறியது. இந்த இரண்டும் மத்திய மேற்கின் பிக் டென்னுக்குப் போய்விட்டன. ஒரேகன் ஸ்டேட், வொஷிங்டன் ஸ்டேட் இரண்டு மட்டும் பழைய வீட்டில் மிஞ்சின. நூற்றாண்டு பழைய கணக்கு ஒன்றைக் கோடு கீறுகிறவர்கள் எப்படி உடைக்கலாம் என்பதற்கு அது நல்ல உதாரணம்.

ஏனென்றால் உங்கள் எதிரணி யார் என்பதை நீங்கள் மட்டும் தீர்மானிப்பதில்லை. யாரோ ஒருவர் கோடு கீறுகிறார்.

எங்கட கோட்டைப் பார்ப்போம். கல்முனைக் கல்வி வலயத்துக்குள் கல்முனை முஸ்லிம் கோட்டம் ஒன்று, கல்முனை தமிழ்க் கோட்டம் இன்னொன்று. அதற்குப் பிறகு சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர். சாஹிராவும் மருதமுனை ஷம்ஸும் அல்-மனாரும் ஒரு பக்கம். கார்மேல் பற்றிமாவும் உவெஸ்லியும் மறுபக்கம். சைக்கிளில் போனால் மூச்சு வாங்க முன்னமே போய்ச் சேருகிற தூரம். ஆனால் கோட்ட மட்டப் போட்டியில் இவை ஒன்றையொன்று காணாது. வலய மட்டம் வந்தால்தான் ஒரே கோட்டில் நிற்கும். அதற்குள் பாதிப் பேர் தட்டுப்பட்டுப் போயிருப்பார்கள். ஒரு பாடசாலையின் மிகக் கிட்டின எதிரணி, தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்தும், வேறொரு கொன்பரன்ஸில் இருக்கிறது.

எப்பவும் இப்படி இருக்கவில்லை. காரைதீவில் 1892இல் பிறந்த விபுலானந்த அடிகள் படித்தது கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் மட்டக்களப்பு புனித மிக்கேலிலும். அந்தக் காலம் ஆங்கிலம் படிக்க வேண்டுமென்றால் இந்தக் கரையில் மிஷன் பாடசாலைதான். சோனகப் பொடியனும் அங்கேதான் போக வேண்டும், போகாதவன் ஓதிவிட்டு வயலுக்குப் போவான். 1942இல் யுத்தகால உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்த ஏ.எம்.ஏ. அஸீஸ் இதைப் பார்த்தார். அவர் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணைக்காரர். நெல் உற்பத்தியைக் கூட்டத்தான் அவரை அனுப்பினார்கள். வந்த இடத்தில் கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தையும் தொடங்கினார். விபுலானந்தரோடும் பழகினார். 1948இல் கொழும்பு சாஹிராவின் அதிபரானார். 1949இல் கல்முனையிலும் ஒரு சாஹிரா வந்தது.

எங்களுக்கென்று ஒரு கல்லூரி வந்ததைக் குறை சொல்ல எங்களால் முடியாது. எங்களில் இரண்டு பேர் அந்த வாசலால் வந்தவர்கள். ஆனால் தனித்தனிப் பாடசாலை என்பது எதிரணிக்குத் தடை அல்ல, உண்மையில் அதுதான் அத்திவாரம். மத்திய கல்லூரியும் பரியோவானும் தனித்தனி மிஷன்கள்தானே. அவர்கள் தேதி குறித்தார்கள், வருடா வருடம் சந்தித்தார்கள். இங்கே அந்தப் பழக்கம் வேர் பிடிக்கிற வயதில் 1990 வந்தது.

மட்டக்களப்பில் கூடைப்பந்து என்றால் மிக்கேல்தான். அதற்குப் பின்னால் அமெரிக்கா, லூசியானாவிலிருந்து வந்த யேசு சபைக் குருமார் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் யூஜின் ஹேபியர் அடிகளார். 1948இல் வந்து, திருகோணமலை புனித சூசையப்பரிலும் பிறகு மிக்கேலிலும் பொடியன்மாருக்குப் பந்து எறியக் கற்பித்தார். எதிர்வீரசிங்கம் இங்கிருந்து அமெரிக்கக் கல்லூரிக்குப் போனார் என்றால், அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு ஹேபியரின் வடிவில் எங்கட வாவிக்கரைக்கு வந்தது.

எங்களில் ஒருத்தியின் மாமா எண்பதுகளின் கடைசியில் மட்டக்களப்பில் தங்கிப் படித்தவர். ஆடுகிற அளவுக்கு உயரமில்லை. ஆனால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கோட் ஓரத்தில் நின்றிருக்கிறார். கூட நின்று கத்தியவர்கள் தமிழ்ப் பொடியன்மார், பறங்கிப் பொடியன்மார். "அந்த நேரம் ஆரு என்ன ஆள் எண்டு பாக்கல்ல மனே, மேசைக்காரன் புள்ளி சரியாப் போடுறானா எண்டுதான் பாத்த" என்றார்.

1990 யூனில் யுத்தம் திரும்பத் தொடங்கியது. கல்முனையில் தமிழ் மக்கள் படையினரால் கொல்லப்பட்டார்கள். ஓகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்களை விடுதலைப் புலிகள் சுட்டார்கள். 11ஆம் திகதி இரவு ஏறாவூர். அடுத்த நாள் வீரமுனையில் கோயிலில் அடைக்கலம் தேடியிருந்த தமிழ் மக்கள். 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஸ்கூட்டரில் புறப்பட்ட ஹேபியர் அடிகளாரும் அவரோடு வந்த இளைஞரும் வழியில் காணாமல் போனார்கள். இன்று வரை அவர்கள் கிடைக்கவில்லை. இரண்டு வாரத்துக்குள் ஒரு கரையே இரண்டாகிவிட்டது. மாமா உடுத்த உடுப்போடு ஊருக்கு வந்து, மீதிப் படிப்பைக் கல்முனையில் முடித்தார்.

நாங்கள் படிக்கிற பல்கலைக்கழகமும் அந்த உடைவிலிருந்துதான் வந்தது. வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு முஸ்லிம் மாணவர்கள் போக முடியாமல் போனதால், எம்.எச்.எம். அஷ்ரப்பின் முயற்சியில் 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்று வந்தது. 1996இல் அது தென்கிழக்குப் பல்கலைக்கழகமானது. இப்போது பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டிகளில் கிழக்கும் தென்கிழக்கும் சந்திக்கும்போது எங்கட பெட்ச்காரர்கள் கத்துகிற கத்தில் தொண்டை போகும். ஒரே வயிற்றிலிருந்து பிரிந்த இரண்டு என்பது கத்துகிறவர்கள் பலருக்குத் தெரியாது.

மிச்சத்தைச் சுனாமி கொண்டுபோனது. 2004 டிசம்பர் 26இல் நாட்டிலேயே கூடிய உயிரிழப்பு அம்பாறை மாவட்டத்தில்தான். மருதமுனையிலிருந்து சாய்ந்தமருது வரை கடலுக்குக் கிட்ட இருந்த பாடசாலைகளில் அலுமாரிகளே இல்லாமல் போயின. அந்த அலுமாரிக்குள் என்ன கணக்கு இருந்தது என்று இனி யாரிடம் கேட்பது?

அதனால் நாங்கள் ஒரு கொப்பி வாங்கினோம், 200 பக்கம். பொடியனுடைய கேள்விக்குப் பதில் எழுதத் தொடங்கினோம். இரண்டு கோட்டமும் ஒரே பக்கத்தில் வர வேண்டும் என்பது மட்டும் எங்கட சட்டம். பழைய வீரர்களிடமும் விளையாட்டுச் சேர்மாரிடமும் கேட்டு எழுதுகிறோம். இரண்டு தரப்பும் தாங்கள்தான் வென்றோம் என்றால் இரண்டையும் எழுதுகிறோம். 1885ஐப் போல அடித்துக்கொள்ளட்டும்.

மாமாவிடம் கொப்பியைக் காட்டினோம். அவர் போனை எடுத்தார். மிக்கேலின் கூடைப்பந்து முடிவுகளை இன்றைக்கும் ஒன்று விடாமல் பார்க்கிறார் என்பது வீட்டில் ஒருவருக்கும் அதுவரை தெரியாது. 1990க்குப் பிறகு அந்தக் கோட் பக்கம் அவர் போனதில்லை. கொஞ்ச நேரம் யோசித்து, தான் பார்த்த கடைசி ஆட்டத்தைச் சொன்னார். கடைசி நிமிடத்தில் ரெண்டு புள்ளியில் வெண்டது, எறிந்தவனுடைய பட்டப்பெயர், அவன் எந்தக் கையால் எறிந்தான் என்பதெல்லாம் ஞாபகம். எந்த வருடம் என்று மட்டும் வரவில்லை.

"எண்பத்தெட்டா, எண்பத்தொன்பதா... நீங்க எழுதுங்க, நான் ஆரையாவது கேட்டுச் சொல்றன்" என்றார். யாரைக் கேட்பார் என்று நாங்கள் கேட்கவில்லை. இப்போதைக்குப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறோம்.