தூக்கணாங்குருவிக்கு உதவியது யார்?

யானை ஒரு கிளையை ஒடித்துத் தரும். அணில் தேங்காய் நார் கொண்டு வரும். ஆடு கொஞ்சம் ரோமம் கொடுக்கும். கடைசிப் பக்கத்தில் கூடு தயார். எல்லா மிருகங்களும் சுற்றி நின்று சிரிக்கும். குழந்தைகளுக்கான படப் புத்தகங்களில் இது பழகிப்போன கதை. ஆனால் தமிழில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வந்த கூட்டுக் கதை இப்படி முடிவதில்லை. அதில் கூடே பிய்த்து எறியப்படுகிறது!

மழையில் நடுங்கும் குரங்கைப் பார்த்து, "உனக்குத்தான் கை கால் இருக்கிறதே, ஒரு வீடு கட்டிக்கொள்ளக் கூடாதா?" என்று தூக்கணாங்குருவி கேட்கிறது. குரங்குக்குக் கோபம் வந்து கூட்டைக் கிழித்துப் போடுகிறது. பஞ்சதந்திர மரபில் வந்த இந்தக் கதை, ஆசிரியர் பெயர் தெரியாத விவேக சிந்தாமணியில் ஒரு பாட்டாகவும் இருக்கிறது. தகுதியில்லாதவருக்குப் புத்தி சொல்லாதே என்பதுதான் பாடம். யோசித்துப் பார்த்தால், தப்பு செய்தது குரங்கு, திட்டு வாங்குவது குருவி. கொஞ்சம் அநியாயம்தான்.

ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடல் ஒன்று குருவிக்கு நியாயம் செய்கிறது. குருவியின் கூடு, கரையான் புற்று, தேன்கூடு, சிலந்தி வலை எல்லாம் யாராலும் எளிதில் செய்ய முடியாதவை, அதனால் நான்தான் கெட்டிக்காரன் என்று யாரும் பீற்றிக்கொள்ள வேண்டாம் என்கிறது அது. இங்கே குருவி தனியாகவே வேலை செய்கிறது. ஜோசப் ஜேக்கப்ஸ் 1890ல் வெளியிட்ட ஆங்கில நாட்டுப்புறக் கதைத் தொகுப்பில் வேறு மாதிரி ஒரு கதை உண்டு. மற்ற பறவைகள் எல்லாம் மேக்பை என்ற பறவையிடம் கூடு கட்டக் கற்றுக்கொள்ள வருகின்றன. பாதி கேட்டதும் "தெரிந்துவிட்டது" என்று ஒவ்வொன்றாகப் பறந்துவிடுகின்றன. உதவிக்கு ஒன்றும் நிற்கவில்லை!

பர்கூர் மலை அடிவாரத்தில் இருக்கும் அந்தியூர் போன்ற ஊர்களில் இந்தக் குருவியைப் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. கொங்குப் பக்கம் கிணற்றுப் பாசன நிலத்துக்குத் தோட்டம் என்றே பெயர். கிணற்றுக்கு மேல் சாய்ந்த மரக்கிளை, பனை, தென்னை ஆகியவை இதற்குப் பிடித்த இடங்கள். கீழே தண்ணீர் இருந்தால் பாம்பும் மற்ற எதிரிகளும் நெருங்குவது கஷ்டம். கிராமத்துப் பெரியவர்களிடம் கேட்டால் ஒரு உதவியாளரையும் சொல்வார்கள்: மின்மினிப் பூச்சி! ஈர மண்ணில் அதை ஒட்டி வைத்து ராத்திரி விளக்காக்கிக் கொள்ளுமாம். கூட்டுக்குள் மண் இருப்பது உண்மை. விளக்கு என்பது நம்பிக்கை.

உண்மையில் என்ன நடக்கிறது என்று உட்கார்ந்து பார்த்தவர் சாலிம் அலி. ஜெர்மனியில் படித்துவிட்டு 1930ல் திரும்பியவருக்கு வேலை இல்லை. மும்பைக்கு அருகே கிஹிம் என்ற கடலோரக் கிராமத்தில் தங்கியிருந்தபோது இந்தக் குருவிகளை நாள்கணக்கில் கவனித்தார். கட்டுவது ஆண் குருவி. நெல், புல், பனையோலை இவற்றிலிருந்து நாராகக் கிழித்து, ஒரு கூட்டுக்கு 500 தடவை வரை பறந்து போய் வருகிறது. முழுக்கூட்டுக்குச் சுமார் 18 நாள். பாதி கட்டியதும் பெண் குருவிகள் வந்து உள்ளே நுழைந்து சோதித்துப் பார்க்கும். ஒன்றுக்குப் பிடித்துவிட்டால்தான் மீதி வேலை நடக்கும். நுழைவுக் குழாய் அப்புறம்தான். அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு மீதியைக் கட்டும் ஃபிளாட் புரமோட்டர் மாதிரி! உள்ளே கடைசி நேரச் சில்லறை வேலைகளில் பெண்ணும் சேர்ந்துகொள்வதுண்டு. கூட்டுக்கு இன்னொரு உயிர் செய்யும் உதவி இவ்வளவுதான். அதன் பிறகு ஆண் வேறொரு கூட்டைத் தொடங்கிவிடும்.

இப்படி உயிரினங்களை நீதி சொல்வதற்காக இல்லாமல் அதனதன் வாழ்க்கைக்காகவே தமிழ்க் குழந்தைகளுக்குச் சொல்லும் பெரிய முயற்சிக்குத் தலைமை ஏற்றவரும் இதே மண்ணைச் சேர்ந்தவர்தான். மொடக்குறிச்சி பக்கம் மஞ்சக்காட்டுவலசில் 1908ல் பிறந்த பெரியசாமித் தூரன், குழந்தைகள் கலைக்களஞ்சியத்தின் முதன்மை ஆசிரியர். 1968 முதல் 1976 வரை 10 தொகுதிகள் வந்தன.

படப் புத்தகம் எழுதுகிறவர்கள் கவனிக்காத ஒரு விஷயம் கடைசியில் இருக்கிறது. குஞ்சுகள் பறந்த பிறகு காலியாகத் தொங்கும் இந்தக் கூடுகளில் சில்லைக் குருவிகள் குடியேறி, முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றன. வாடகை கிடையாது.