எந்தக் கதவை முதலில் தட்டுவது?

2018 நவம்பரில் கஜா புயல் கொடைக்கானல் மலையையும் விட்டுவைக்கவில்லை. மலைப் பாதைகளில் மரங்கள் வேரோடு சாய்ந்தன. அப்படி ஒரு மரம் பிழைப்புக்கு ஓட்டும் ஜீப்பின் மேல் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் வந்து படம் எடுத்துப் போகிறார். சில வாரம் கழித்து, க்ளைம் நிராகரிக்கப்பட்டதாகத் தபாலில் கடிதம் வருகிறது. பூம்பாறையிலோ மன்னவனூரிலோ அந்தக் கடிதத்தோடு நிற்பவருக்கு இரண்டு கதவுகள் உண்டு. ஒன்று, சென்னையில் இருக்கும் காப்பீட்டு ஆம்புட்ஸ்மேன் (குறைதீர்ப்பாளர்). மற்றொன்று, திண்டுக்கல்லில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையம்.

ஆம்புட்ஸ்மேனிடம் கட்டணமும் இல்லை, வக்கீலும் தேவையில்லை. முதலில் காப்பீட்டு நிறுவனத்துக்கே எழுத்து மூலம் புகார் தர வேண்டும். அது மறுத்தாலோ, ஒரு மாதம் வரை பதிலே வராவிட்டாலோ, ஓராண்டுக்குள் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். 2023இல் அவர் வழங்கக்கூடிய தொகையின் வரம்பு 30 லட்சத்திலிருந்து 50 லட்சம் ரூபாயாக உயர்ந்தது. தேவையான ஆவணங்கள் எல்லாம் வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் தீர்ப்பு சொல்ல வேண்டும் என்பது விதி. 2021 விதித் திருத்தத்துக்குப் பிறகு புகாரை இணையத்தில் பதியலாம், விசாரணையில் காணொளி வழியாகவும் கலந்துகொள்ளலாம். ஆனால் இங்கே கிடைப்பது நேரடி நஷ்டத்துக்கான தொகைதான். அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் ஈடு கேட்க முடியாது.

அதைக் கேட்கும் இடம் நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் மலைவாசிக்கு ஒரு பெரிய உதவி செய்தது. நிறுவனத்தின் அலுவலகம் எங்கே இருந்தாலும், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். மாவட்ட ஆணையத்தின் வரம்பைக் கணக்கிடுவதும் கட்டிய பிரீமியத்தை வைத்துத்தான், கேட்கும் தொகையை வைத்து அல்ல. பிரீமியம் ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. ஆணையத்தின் உத்தரவை மீறினால் சிறைத் தண்டனை வரை உண்டு. சிறிய விடுதி நடத்துபவருக்கும் இடம் இருக்கிறது: தொழிலுக்காக எடுத்த காப்பீடு என்பதாலேயே ஒருவர் நுகர்வோர் ஆகாமல் போய்விடமாட்டார் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் ஹர்சோலியா மோட்டார்ஸ் வழக்கில் சொன்னது. ஆனால் வாய்தா மேல் வாய்தா விழலாம். நிறுவனம் மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடும் போகலாம். காலை பஸ் பிடித்து வத்தலக்குண்டு வழியாகத் திண்டுக்கல் இறங்கினால் அன்றைய வருமானம் போயிற்று. தூரத்தில் இருக்கும் சென்னை கைபேசித் திரையில் அருகில் வந்துவிட, அருகில் இருக்கும் திண்டுக்கல்தான் சில சமயம் எட்டாத ஊராகிவிடுகிறது.

இரண்டுக்கும் உள்ள முக்கியமான வேறுபாடு வரிசையில் இருக்கிறது. ஆம்புட்ஸ்மேனின் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும், நம்மைக் கட்டுப்படுத்தாது. திருப்தி இல்லையென்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஆணையத்தில் வழக்குப் போட்டுவிட்டால், அதே விஷயத்துக்கு ஆம்புட்ஸ்மேன் கதவு திறக்காது.

ஆகவே சாதாரணக் குடும்பத்தின் க்ளைமுக்கு முதலில் ஆம்புட்ஸ்மேனிடம் போவதே சரி. அலைக்கழித்ததற்கும் சேர்த்து ஈடு வேண்டும் என்று உறுதியாக இருப்பவர் நேராகத் திண்டுக்கல் போகலாம். எந்த வழியில் போனாலும் ஆணையத்துக்கான இரண்டு ஆண்டுக் கெடுவை மறக்கக் கூடாது. ஆம்புட்ஸ்மேனிடம் காத்திருந்த நாட்கள் கழிக்கப்படும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். நிராகரிப்புக் கடிதம் வந்த அன்றே அதன் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். தபால் முத்திரையோடு அந்த உறையையும் பத்திரமாக வையுங்கள்.