சேப்பாக்கத்தின் கரவொலி

வெண்ணிப் போரில் வென்ற கரிகாலனிடமே, தோற்ற சேரன்தான் மேலானவன் என்று பாடினார் வெண்ணிக்குயத்தியார். மாற்றானை மதிக்கும் அம்மரபை நாம் ஒருமுறை கண்ணாரக் கண்டிருக்கிறோம்.

1999 ஜனவரி 31, சேப்பாக்கம். 271 ஓட்டங்களைத் துரத்திய இந்தியா, முதுகுவலியோடு டெண்டுல்கர் எடுத்த 136 ஓட்டங்களுக்குப் பின்னும் 258இல் வீழ்ந்தது. அரங்கம் உறைந்தது, பிறகு எழுந்து நின்று கைதட்டியது. அக்கரவொலியினூடே வாசிம் அக்ரமின் பாகிஸ்தான் அணி மைதானத்தை வலம் வந்தது.

அது இணக்கமான காலமன்று. அம்மாதத் தொடக்கத்தில்தான் தில்லி ஆடுகளத்தைத் தோண்டிச் சிதைத்திருந்தனர். மூன்றே வாரங்களில் கல்கத்தாவில் டெண்டுல்கரின் ரன் அவுட்டை ஒட்டிக் கலவரம் மூண்டது. ரசிகர்கள் வெளியேற்றப்பட்டு, ஆளற்ற இருக்கைகளின் முன் அந்த டெஸ்ட் முடிந்தது. ஆக, சென்னையின் கரவொலி காலம் தந்த கொடையன்று. அக்கூட்டம் தானே தேர்ந்துகொண்ட பண்பு.

2025 செப்டம்பரில் துபாயில், ஆசியக் கோப்பை ஆட்டத்தில் வென்ற இந்திய அணி, பாகிஸ்தானியரோடு கைகுலுக்காமல் திரும்பியது. அவ்வாண்டு ஏப்ரலில் பஹல்காமில் சிந்திய குருதியின் துயரம் மெய்யானது. அத்துயரால் ஆடவே மறுத்திருந்தால் அதில் ஓர் அறம் இருந்திருக்கும். ஆடிவிட்டுக் கை மறுத்ததில் நாம் எதைக் காத்தோம்? அதைப் போற்றிய ஆரவாரத்தில், சேப்பாக்கத்தில் எழுந்து நின்றவர்கள் நாமேதானா என்ற ஐயம் எழுகிறது.