சலாபம் திறக்குமுன்

நானாட்டானிலிருந்து தெற்கே அருவியாற்றைத் தாண்டினால் அரிப்பு. கடலோர மேட்டில் இடிந்து நிற்கும் கட்டடத்தை ஊரார் அல்லிராணிக் கோட்டை என்பார்கள். உண்மையில் அது, முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்வதற்கென ஆளுநர் பிரெடரிக் நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டிய மாளிகை.

இன்று ஒரு நிறுவனம் புதிய மென்பொருளை ஊழியர் எல்லோருக்கும் திறந்துவிடுமுன், யார் எதைத் தொடலாம், எங்கே ஓட்டை இருக்கிறது என்று சிறிய அளவில் சோதித்துப் பார்க்கிறது. இந்தக் கரைக்கு அது பழகிய வேலை.

சலாபம் என்ற முத்துக்குளிப்புப் பருவம் அந்நாளில் நினைத்தவுடன் தொடங்காது. முதலில் அரசின் பரிசோதகர் குளிகாரரோடு கடலுக்குள் போவார். பெரியபார், செவ்வல்பார் போன்ற பார்களில், அதாவது சிப்பிப் படுகைகளில், மாதிரிக்குச் சிப்பி அள்ளி, முத்தெடுத்து, வியாபாரிகளைக் கொண்டு மதிப்பிடுவார்கள். ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபாய் என்ற கணக்குத் தேறினால்தான் அறிவித்தல் வெளிவரும். தேறாத ஆண்டில் யாருக்கும் அனுமதியில்லை.

திறந்த பிறகும் காவல்தான். பதிந்து இலக்கமிட்ட படகுகள் மட்டுமே பாருக்குப் போகலாம். கரைக்கு வரும் சிப்பி நேரே வேலியடைத்த களத்துக்குள் போகவேண்டும். அங்கே மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். ஒன்று குளிகாரருக்கு, இரண்டு அரசுக்கு. அரசின் பங்கை அன்றிரவே ஏலம் விடுவார்கள். ஏலத்தில் எடுத்தவர் சிப்பியைத் தோணியில் நாட்கணக்கில் அழுகவிட்டுக் கழுவுவிப்பார். அந்த நாற்றத்துக்குள் குந்தியிருக்கும் கூலியாட்கள் கையை வாய்ப்பக்கம் கொண்டுபோகக் கூடாது, முத்தை விழுங்கிவிடுவார்களாம். தோணியின் இரு முனையிலும் கண்காணிகள் நிற்பார்கள்.

1905இல் இதே கரையிலுள்ள மரிச்சுக்கட்டியில் எட்டுக் கோடிக்கு மேல் சிப்பி கரையேறியது. அரசுக்கு ஏறத்தாழ 25 இலட்சம் ரூபாய் வந்தது. அந்தச் செழிப்பைப் பார்த்துத்தான், 1906இல் பார்கள் முழுவதையும் ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் வாடகையில் 20 ஆண்டுகளுக்கு ஒரே இலண்டன் கம்பெனியிடம் கொடுத்தார்கள். 1907க்குப் பின் பார்கள் வெறுமையாகின. குத்தகைக் காலம் முடியுமுன்பே கம்பெனி மூடப்பட்டது.

ஒரு பருவத்துக்குக் கடலைத் திறப்பதற்கே மாதிரி எடுத்து மதிப்பிட்டவர்கள், இருபது ஆண்டுக்கான உரிமையை சில நல்ல பருவங்களை நம்பி எழுதிக்கொடுத்தார்கள். கூலியாளின் கையில் வைத்த கண்ணை அந்த ஒப்பந்தத்தின் மேலும் வைத்திருக்க வேண்டும்.