சௌக்க காலத்தின் அமைதி: கர்நாடக இசைப் பதங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

மெதுநடைச் செவ்வியல் இசை மனத்தை ஆற்றும் என்பது பலரும் ஒப்பும் கருத்து. உறங்கும் முன்பும், படிக்கும் மேசையருகிலும், மருத்துவமனைக் கூடங்களிலும் அது இன்று பின்னணி ஒலியாகப் பரவியிருக்கிறது. வேகம் குறைந்தால் மனம் அடங்கும் என்ற எளிய கணக்கே இந்தப் பயன்பாட்டுக்கு அடிப்படை. அக்கணக்கைக் கர்நாடக இசையின் சௌக்க கால (மெதுநடை) உருப்படிகளை, சிறப்பாகச் சிருங்காரச் சுவை மிக்க பாடல்களான பதங்களை, வைத்து இக்கட்டுரை சோதிக்கிறது. வேகக் குறைவு அமைதிக்கு ஒரு வாயில் மட்டுமே. நீண்டு செல்லும் காலத்தைக் கேட்பவரின் கவனம் தளராமல் தாங்கும்படி இசையை நெய்திருக்கும் முறையே அமைதியைத் தருகிறது. இதுவே இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

1. காலத்துக்கு இரண்டு அளவுகள்

சரளி வரிசை பயிலும் குழந்தை மூன்று காலங்களில் பாடுகிறது. முதற்காலத்தில் ஓர் அட்சரத்துக்கு ஒரு சுரம், இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. இவ்வளவு நேரமும் தொடையில் விழும் கை தன் வேகத்தை மாற்றுவதில்லை. கர்நாடக இசையில் ‘காலம்’ எனப்படுவது தாளத்தின் ஓட்டத்தை மட்டும் குறிப்பதன்று என்பதை இந்த முதற்பாடமே காட்டிவிடுகிறது. தாளம் எவ்வளவு விரைந்து நடக்கிறது என்பது ஓர் அளவு. ஒவ்வோர் அட்சரத்திலும் எத்தனை சுரம், எத்தனை சொல் நிறைகின்றன என்பது மற்றோர் அளவு.

முத்துசுவாமி தீட்சிதரின் (மறைவு 1835) கிருதிகளில் இந்த வேறுபாடு தெளிவாகப் புலப்படும். விளம்ப காலத்தில் நிதானமாக நகரும் கிருதி, அனுபல்லவியின் அல்லது சரணத்தின் இறுதியில் மத்தியம கால சாகித்தியத்துக்குள் நுழைகிறது. சொற்கள் இருமடங்காக நெருங்குகின்றன. கை போடும் தாளம் மாறுவதில்லை. அதுவரை அகன்று கிடந்த இசைக்கு அடியில் தாளம் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது என்பதைக் கேட்பவர் அந்த நொடியில் உணர்கிறார். மெதுநடைக்குள் ஒளிந்திருந்த ஒழுங்கு வெளிப்படுகிறது.

இரண்டு களையில் அமைந்த ஆதி தாளத்தில் 8 அட்சரங்களும் 16 எண்ணிக்கைகளாகின்றன. பதங்களில் மிகுதியாக வரும் திசிர திரிபுடை தாளத்தின் 7 அட்சரங்கள் இரண்டு களையில் 14 ஆகும். எண்ணிக்கை ஒன்றுக்கு ஒரு வினாடி என்று கொண்டாலும் ஓர் ஆவர்த்தனம் முடிய 14 வினாடி ஆகிறது. ஓய்வில் இருக்கும் வயது வந்தவர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். 14 வினாடியில் மூன்று நான்கு மூச்சுகள் அடங்கும். எங்கே மூச்செடுப்பது, எந்தச் சொல்லை உடையாமல் காப்பது என்பதைப் பாடகர் முன்கூட்டியே தீர்மானித்தாக வேண்டும். கேட்பவரின் செவியோ அடுத்த எடுப்பு வரும்வரை ஏதேனும் ஒன்றைப் பற்றிக்கொண்டிருக்க வேண்டும். பற்றிக்கொள்ள ஏதுமில்லை என்றால் அந்த 14 வினாடி வெறுமையாகும். அந்த வெறுமையில் பிறப்பது சலிப்பே.

2. இடைவெளியை நிரப்புவது எது?

மத்தியம காலக் கீர்த்தனை ஒன்றைப் பாதி வேகத்தில் பாடினால் அது சௌக்க கால உருப்படி ஆகிவிடாது. சுரங்களுக்கிடையே பள்ளங்கள்தாம் தெரியும். சௌக்க காலத்துக்கென அமைந்த உருப்படியில் அந்த இடத்தைக் கமகம், அதாவது சுரத்தின் அசைவு, நிரப்புகிறது. தோடியின் காந்தாரத்தை எடுத்துக்கொள்வோம். எழுத்தில் அது ஒரு சுரம். பாடும்போது ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையே அசையும் அசைவு. வேகமான பிரயோகத்தில் அந்த அசைவு சுருங்கி ஒரு தொடுகையாகிவிடும். சௌக்க காலத்தில் அது எங்கே தொடங்கி, எவ்வளவு ஏறி, எங்கே திரும்புகிறது என்பது முழுவதும் கேட்கும். 1904-இல் எட்டயபுரத்தில் வெளிவந்த ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யில் சுப்பராம தீட்சிதர் சுரங்களோடு கமகங்களுக்கும் தனித்தனிக் குறியீடுகளை அமைத்தார். சுரத்தை மட்டும் எழுதினால் பாட்டு கிட்டாது என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

அடுத்தது ராகத்தின் நடைவழி. சகானாவின் அவரோகணத்தைக் கூர்ந்து பார்த்தால் இது விளங்கும். ‘ப ம க ம ரி க ரி ஸ’ என்று அது இறங்குகிறது. பஞ்சமத்திலிருந்து காந்தாரம்வரை வந்த குரல் ரிஷபத்துக்குப் போகாமல் மத்தியமத்துக்குத் திரும்புகிறது. அங்கிருந்து ரிஷபத்தைத் தொட்டபின், ஷட்ஜத்தில் முடியாமல் மீண்டும் காந்தாரத்தை எட்டிப் பார்க்கிறது. பிறகே ரிஷபம் வழியாக ஷட்ஜத்தில் அமர்கிறது. அடித்தளம் எதுவென்று தெரிந்த செவிக்கு அந்த இடம் இருமுறை தள்ளிப்போகிறது. விரைந்த பாட்டில் இத்திருப்பங்கள் அலங்காரமாகக் கடந்துவிடும். சௌக்க காலத்தில் ஒவ்வொரு திருப்பமும் ஒரு காத்திருப்பு. இறுதியில் குரல் ஷட்ஜத்தில் நிற்கும்போது கிடைக்கும் நிறைவு, இக்காத்திருப்புகளின் பயன்.

பதங்களின் ராகங்களில் சகானா, ஆனந்தபைரவி, உசேனி, நீலாம்பரி, முகாரி, கண்டா, ஆகிரி, யதுகுலகாம்போதி ஆகியவை சிறந்து நிற்பதற்கு இதுவே காரணம் எனலாம். இவை சுர வரிசையைக் காட்டிலும் பிடிப்புகளை நம்பி நிற்கும் ரக்தி ராகங்கள். பல சுரங்களை அடுக்கி விரிப்பதைவிட, சில பிடிப்புகளைத் திரும்பத் திரும்ப ஆழப்படுத்துவதே இவற்றின் இயல்பு.

நீண்ட ஆவர்த்தனத்தை வேறு வகையிலும் தாங்கலாம். இந்துஸ்தானி இசையில் இந்தூரைச் சேர்ந்த உஸ்தாத் அமீர் கான் (1912–1974) 14 மாத்திரை கொண்ட ஜூம்ரா தாளத்தை அதிவிளம்பித நடையில் பாடினார். ஓர் ஆவர்த்தனம் ஒரு நிமிடத்தை நெருங்கும். அங்கே தபலாவின் டேகா எனும் அடிப்படைச் சொற்கட்டு மாத்திரைகளுக்கு இடையிலுள்ள பரப்பைச் சொற்களால் நிரப்பிக் கேட்பவருக்கு வழிகாட்டுகிறது. பதத்தில் மிருதங்கம் ஒதுங்கி, பாட்டின் சாயலையே பின்தொடரும். ஒரு மரபு தாளக்கருவியிடம் ஒப்படைத்த பொறுப்பை மற்றொன்று குரலின் கமகத்திடம் ஒப்படைத்திருக்கிறது. இடைவெளியைக் காலியாக விடக்கூடாது என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன.

3. உடலியல் ஆய்வு சொல்வது

வேகமே முதன்மை என்போருக்கு வலுவான சான்று ஒன்று உண்டு. இத்தாலியின் பெர்னார்டி, போர்ட்டா, இங்கிலாந்தின் ஸ்லைட் ஆகியோர் 2006-இல் ‘ஹார்ட்’ மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இசைப் பயிற்சி பெற்ற 12 பேருக்கும் பெறாத 12 பேருக்கும் ஆறு வகை இசைத் துண்டுகள் கேட்பிக்கப்பட்டன. அவற்றுள் மெதுவான இந்திய ராக இசையும் ஒன்று. இசை விரைய விரைய மூச்சும் இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் உயர்ந்தன. இசையின் பாணியைவிட அதன் வேகமே இம்மாற்றத்தோடு நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தது.

ஆனால் இதே ஆய்வின் மற்றொரு முடிவு நம் வாதத்துக்கு இன்னும் முக்கியம். இசைக்கு நடுவே இரண்டு நிமிட மௌனம் செருகப்பட்டிருந்தது. உடல் மிகத் தெளிவாகத் தளர்ந்தது அந்த மௌனத்தில்தான். துடிப்பும் அழுத்தமும் மூச்சும் ஆய்வு தொடங்குமுன் இருந்த நிலைக்கும் கீழே இறங்கின. இசை கவனத்தைத் திரட்டுகிறது, திரண்ட கவனம் விடுபடும்போது தளர்வு ஏற்படுகிறது என்பதே ஆய்வாளர்கள் தந்த விளக்கம். வேக மாற்றத்துக்கு ஏற்ப மூச்சு மாறும் தன்மை, பயிற்சி பெற்றவர்களிடம் கூடுதலாக இருந்தது என்பதும் பதிவாகியுள்ளது.

இம்முடிவுகளைப் பதத்தோடு பொருத்திப் பார்க்கலாம். பற்றிக்கொள்வதும் விடுவதும் பதத்துக்குள்ளேயே நிகழ்கின்றன. சுற்றி வந்த பிடிப்பு கார்வையில், அதாவது நீட்டி நிறுத்திய சுரத்தில், நிற்கிறது. குரல் ஓய்ந்தபின் தம்புராவின் சுருதி மட்டும் கேட்கிறது. அடுத்த எடுப்பு வருகிறது. வெளியிலிருந்து செருகிய மௌனம் செய்ததை இந்தச் சிறு ஓய்வுகள் ஆவர்த்தனந்தோறும் செய்கின்றன என்று கருத இடமுண்டு. இதை உறுதிசெய்ய வேண்டுமானால், கர்நாடக இசையைக் கொண்டு சோதனை நடத்துவோர் தாள வேகத்தையும் சுர, சொல் அடர்த்தியையும் தனித்தனியே அளக்க வேண்டும். இரண்டையும் ஒரே எண்ணில் அடக்கினால் விளம்ப காலக் கிருதியும் அதன் மத்தியம காலப் பகுதியும் ஒன்றாகவே பதிவாகும்.

4. வரிசையில் பதத்தின் இடம்

அமைதி ஓர் உருப்படிக்குள் மட்டும் பிறப்பதன்று. நிகழ்ச்சியில் அது பெறும் இடமும் அதைத் தீர்மானிக்கிறது. இதை மிக நுட்பமாகச் சொன்னவர் பரதநாட்டியக் கலைஞர் த. பாலசரசுவதி. 1975-இல் தமிழ் இசைச் சங்க மாநாட்டின் தலைமையுரையில் பரதநாட்டியத்தின் உருப்படி வரிசையை அவர் கோயிலின் அமைப்போடு ஒப்பிட்டார். அலாரிப்பு கோபுரமாக நிற்கிறது. சதிசுரம், சப்தம் என்னும் மண்டபங்களைக் கடந்து வர்ணத்தை அடைகிறோம். அதன்பின் வரும் பதத்தில், வெளிப்பிராகாரத்தின் விரிவும் ஒளியும் அடங்கிய கருவறையின் குளிர்ச்சியை உணர்கிறோம் என்பது அவர் கருத்து. வர்ணத்தின் தாள வன்மையைக் கடந்து வந்தவருக்கே பதத்தின் அடக்கம் முழுப்பொருள் தரும். 2006-இல் வெளியான ஆய்வு அளந்து கண்டதை, அரங்கில் தம் வாழ்நாளைக் கழித்த கலைஞர் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே கண்டு சொல்லியிருக்கிறார்.

பாலசரசுவதிக்கு இந்த அறிவு குடும்பச் சொத்து. அவருடைய பாட்டி வீணை தனம்மாள் (1867–1938) சென்னை ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்ததைக் கேட்க இசைவாணர்கள் பலர் கூடினர். வீணையில் ஒருமுறை மீட்டிய ஒலி தேய்ந்து மறைவதற்குள் தந்தியை மெட்டின்மேல் இழுத்துப் பல சுரங்களைப் பிறப்பிக்க வேண்டும். ஓசை குறையக் குறையக் கேட்பவரின் செவி கூர்மையாகும். ஒலிபெருக்கியற்ற சிறு அறையில் இது இயல்பாக நடந்தது. 17-ஆம் நூற்றாண்டின் க்ஷேத்ரக்ஞரது தெலுங்குப் பதங்களும், கனம் கிருஷ்ணையர், வைத்தீசுவரன்கோயில் சுப்பராமையர் ஆகியோரின் தமிழ்ப் பதங்களும் இக்குடும்பத்தின் பாடாந்தரத்தில் (வழிவழிப் பாட மரபில்) காக்கப்பட்டன. தனம்மாளின் பேத்தி த. பிருந்தாவிடம் அவற்றைக் கற்கப் பெயர்பெற்ற வித்துவான்களும் வந்தனர்.

5. தாலாட்டு எழுப்பும் மறுப்பு

இங்கே நியாயமான மறுப்பு ஒன்று எழும். தாலாட்டுக் கேட்கும் குழந்தை கவனமா செலுத்துகிறது? கோயிலின் பள்ளியறைச் சேவையில் ஒலிக்கும் இசையும் துயிலுக்கு உரியதுதானே? தேவாரப் பண்களுள் இரவுப் பண்ணாகிய மேகராகக்குறிஞ்சியோடு ஒப்பிடப்படும் நீலாம்பரி, இன்றுவரை தாலாட்டு ராகமாகவே அறியப்படுகிறது. அப்படியிருக்க, கவனத்தை வலியுறுத்துவது ஏன்?

இருவகை அமைதிகள் உண்டு என்பதே இதற்கு விடை. தாலாட்டு ஒரு சிறு இசைத்துண்டைத் தொட்டில் ஆட்டத்தோடு இணைத்துத் திரும்பத் திரும்பத் தருகிறது. அடுத்து வருவது தெரிந்திருப்பதால் மனம் விழித்திருக்கத் தேவையில்லை. பதம் திரும்பப் பாடும் வரியைக்கூட முன்போல் பாடுவதில்லை. ஒவ்வொரு முறையும் சங்கதியில் ஒரு நுண் மாற்றம், சொல்லுக்கு ஒரு புதிய பாவம். முன்னது மனத்தைத் துயிற்றும் அமைதி. பின்னது மனத்தைத் தெளிவிக்கும் அமைதி. இரண்டும் வேண்டியவையே. ஒரே நீலாம்பரி இரண்டுக்கும் இடம் தருவதிலிருந்து, ராகத்தின் பெயரோ வேகமோ மட்டும் பயனைத் தீர்மானிப்பதில்லை என்பது உறுதியாகிறது. முதல்வகைக்குரிய பயன்பாட்டை இரண்டாம் வகை இசைமீது ஏற்றும்போதுதான் இழப்பு நேர்கிறது.

6. சுருங்கிய இடம்

இருபதாம் நூற்றாண்டில் பதத்தின் இடம் குறைந்ததற்குக் காரணங்கள் பல. 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்தைச் சற்றே தாண்டும். 14 வினாடி ஆவர்த்தனத்தில் அதற்குள் பதினைந்து சுற்றுகூட முழுமையாக அடங்காது. அரியக்குடி இராமானுச ஐயங்கார் (1890–1967) நிலைநாட்டிய கச்சேரி முறை மத்தியம காலத்தின் விறுவிறுப்பை அச்சாகக் கொண்டது. பெரிய அரங்குகளின் பல்வகை ரசிகர்களைக் கட்டிப்போட்ட அம்முறையின் பயன் பெரிது. ஆனால் அதில் பதத்துக்குத் தனி ஆவர்த்தனத்துக்குப் பிந்திய துக்கடாப் பகுதியே கிடைத்தது. 1947-இன் சென்னை தேவதாசி ஒழிப்புச் சட்டமும், அதற்கு முன்பிருந்தே சிருங்காரத்தின்மீது எழுந்த கண்டனமும், பதத்தைத் தலைமுறைகளாகக் காத்த மகளிரைப் பொது அரங்கிலிருந்து விலக்கின. சமூக நீதிக்காக எழுந்த அந்த ஒழிப்பு இயக்கத்தின் தேவையை மறுக்க முடியாது. அம்மகளிரின் இசையறிவுக்குரிய மதிப்பையும் அதே காலத்தில் அளித்திருக்க வேண்டும் என்பதும் மறுக்க முடியாததே. சங்கீத கலாநிதி விருது பாலசரசுவதிக்கு 1973-இலும் பிருந்தாவுக்கு 1976-இலும்தான் வந்து சேர்ந்தது.

முடிவுரை

சௌக்க கால இசை தரும் அமைதி மூன்று காரணிகளால் அமைகிறது: கமகத்தாலும் வளைந்து திரும்பும் பிடிப்புகளாலும் நிரம்பிய நீண்ட ஆவர்த்தனம், கவனத்தைப் பற்றியும் விடுவித்தும் செல்லும் கார்வை, விறுவிறுப்புக்குப் பின் நிகழ்ச்சியில் அது பெறும் இடம். வேகக் குறைவு இம்மூன்றுக்கும் வாய்ப்பளிக்கிறதே தவிர, இவற்றுக்கு ஈடாவதில்லை.

ஆகவே சபாக்கள் கச்சேரியின் நடுப்பகுதியில், அரங்கு நிறைந்திருக்கும்போதே, ஒரு பதத்துக்கு அதற்குரிய காலத்தைக் கொடுக்க வேண்டும். இசைக் கல்லூரிகள் பதத்தை இறுதியாண்டின் உபரிப் பாடமாக வைக்காமல், கமகப் பயிற்சியின் அடிப்படையாகக் கொள்ள வேண்டும். ஓய்வுக்காக இசையை நாடும் வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: கைவேலையை ஒதுக்கிவைத்து, பிருந்தா, முக்தா சகோதரியரின் பதப் பதிவு ஒன்றைத் தொடக்கம் முதல் முடிவுவரை, கையில் தாளம் போட்டபடி கேளுங்கள்.